என் காருக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த கிளட்ச்

கல்யாணத்தில் எனக்கு நகை போட்டார்கள், பீரோ கொடுத்தார்கள், கட்டில் கொடுத்தார்கள். அதெல்லாம் ஊர் பார்ப்பதற்கு. அப்பா எனக்கென்று கொடுத்தது அவருடைய காரைத்தான். ஜப்பான் இன்ஜின் வைத்த பெட்ரோல் வண்டி. வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தும், மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான் கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர், பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அப்பா வீடு. புகுந்த வீடு சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர், யுனிவர்சிட்டி இருக்கிற இடம். அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தி வைத்திருந்த வருடங்கள் அவை, பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. "நீயே ஓட்டிக்கிட்டுப் போ, நீயே ஓட்டிக்கிட்டு வா" என்று சொல்லித்தான் அப்பா சாவியைக் கொடுத்தார். வண்டியை என் பெயருக்கே மாற்றியும் கொடுத்திருந்தார்.

லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன். ஆகவே நான் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. காலையில் என் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும், சாயங்காலம் அதிலேயே திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருந்தேன், ஒரு கிளட்ச்சுக்காக.

என் வீட்டுக்காரர் மாணவர் விடுதிகளுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். மாணவர்கள் உள்ளே தடுப்புகளுக்குள் உட்கார்ந்து அவர்கள் வேலையைப் பார்ப்பார்கள். இவர் கல்லாவில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கார் பைத்தியங்கள் இன்டர்நெட்டில் எழுதித் தள்ளுவதைப் படிப்பார். படிப்பதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கல்யாணமான கையோடு என் காரின் சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, சொம்பு நுழைகிற அளவுக்கு ஒரு குழாயை மாட்டினார். ஏர் ஃபில்டரை மாற்றினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், ஆள் நடமாட்டம் இல்லாத கேம்பஸ் ரோட்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அலறவிட்டுக் கிளட்ச்சைப் பட்டென்று விடுவார். வண்டி துள்ளிப் பாயும். கொஞ்ச தூரத்தில் வேகத்தடை வந்துவிடும், பிரேக் அடிப்பார். பிறகு ரிவர்ஸில் வந்து மறுபடியும் அதையே செய்வார். இதற்கு 'லாஞ்ச்' என்று பெயராம். வேகத்தடைக்கும் வேகத்தடைக்கும் நடுவில் ரேஸ் ஓட்டிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இப்படி லாஞ்ச் பண்ணிப் பண்ணிக் கிளட்ச் தேய்ந்துபோனது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தியது, வண்டி மட்டும் ஊர்ந்தது. இன்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது என்று அர்த்தம். கம்பெனி கிளட்ச் ஒன்று வாங்கி மாட்டினால் ஒரு நாள் வேலை, திங்கட்கிழமை நான் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றேன்.

"அது ஆர்டினரி கிளட்ச். நம்ம வண்டி பர்ஃபார்மன்ஸ் கார்" என்றார்.

என் வண்டி 'நம்ம வண்டி' ஆனது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு கிளட்ச் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி கூடியது. பிரவுசிங் சென்டரில் ஆரம்பித்து எங்கள் வீட்டுக் கூடத்தில் முடியும் கமிட்டி. டீ போடுவது நான்.

கமிட்டியில் மூன்று பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர், புவனகிரியில் உரக்கடை வைத்திருந்தார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். கார் அவருக்குச் சொந்தமாகவும் இல்லை, ஓட்டவும் தெரியாது. கருத்து மட்டும் நிறைய இருந்தது. மூன்றாமவர் லால்பேட்டை நண்பர், துபாயில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே அவர் ஓட்டியது ஒரு பேக்கரியின் டெலிவரி வேன். ஆனால் வாயைத் திறந்தால் ஷேக்குகளின் கார்தான் வரும். "அங்க ஒருத்தன் வண்டி வச்சிருந்தான் மச்சான், மாஷா அல்லாஹ், கிளட்ச்ச விட்டா ரோடே பின்னாடி போவும்" என்பார். அந்தக் காருக்குள் இவர் ஒரு தடவையாவது ஏறியிருக்கிறாரா என்று கேட்டேன். டீ நன்றாக இருக்கிறது சிஸ்டர் என்றார்.

கிளட்ச் மாற்றும்போது பிளைவீலையும் மாற்றியே தீர வேண்டும் என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். எனக்கும் விளக்கினார். "இன்ஜினுக்குப் பின்னாடி ஒரு சக்கரம் இருக்கும். அது சுத்தும். அது சுத்துறதாலதான் பவர் வருது" என்றார். நிலைமத் திருப்புத்திறனை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து நடத்துகிறவளிடம் சொல்கிறார். பிளைவீலிலிருந்து பவர் வருவதில்லை. அது ஒரு கனமான இரும்புத் தட்டு. இன்ஜின் கொடுக்கிற வேகத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கிளட்ச்சை விடும்போது இன்ஜின் அணையாமல் வண்டி அலுங்காமல் நகர்கிறது. எடையைக் குறைத்தால் இன்ஜின் சட்டென்று ஏறும், அதே போலச் சட்டென்று இறங்கும். ரேஸ் ஓட்டுகிறவனுக்கு அது நல்லது. சிதம்பரம் கீழ வீதியில் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் பூக்கூடைக்கும் நடுவில் அங்குலம் அங்குலமாக நகர்கிறவனுக்குத் தலைவலி. இதை நான் பொறுமையாகச் சொன்னேன். கமிட்டி கேட்டுக்கொண்டது. பிறகு நான் சொல்லாத மாதிரியே பேச்சைத் தொடர்ந்தது.

உரக்கடை அண்ணனுக்கு வேறு ஒரு சிக்கல். எங்கள் பக்கத்தில் 'வெயிட்டு' என்றால் எடை மட்டும் இல்லை. வெயிட்டான ஆள், வெயிட்டான சம்பந்தம், வெயிட்டான இடம் என்றெல்லாம் சொல்வார்கள். மரியாதை, செல்வாக்கு, கொஞ்சம் அடாவடி, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அவர் வாழ்க்கையில் வெயிட்டு குறைந்தது எதையும் விரும்பி வாங்கியதில்லை. பிளைவீல் எடை குறையக் குறைய விலை ஏறுகிறது என்று கேட்டதும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"இரும்பக் கொறச்சுப்புட்டு காச ஜாஸ்தி கேக்குறானா? எவனோ ஒன்ன நல்லா ஏமாத்துறான் மச்சான். வண்டின்னா வெயிட்டா இருக்கணும். மிதிச்சா வெயிட்டா இருக்கணும், பாத்தா வெயிட்டா இருக்கணும்."

"பிளைவீல் லைட்டா இருந்தாதான் மாமா பிக்கப்பு."

"அப்ப மத்ததயாச்சும் வெயிட்டாப் போடு."

இந்த உரையாடலை நான் சமையலறையிலிருந்து என் காதால் கேட்டேன். ஒரு காரின் பாகத்தை இவர்கள் இப்படித்தான் முடிவு செய்தார்கள். பிளைவீல் லைட், கிளட்ச் வெயிட். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு ஒன்று, பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்கிற மாதிரி.

நடுவில் இன்னொரு யோசனையும் வந்தது. புது பிளைவீல் எதற்கு, பழையதையே லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாம் என்றார் லால்பேட்டை நண்பர். அது வார்ப்பிரும்பு, விளிம்பைக் கடைந்து மெலிதாக்கினால் வேகமாகச் சுற்றும்போது வெடித்துச் சிதறும், சிதறினால் ஓட்டுகிறவன் கால் பக்கத்தில்தான் சிதறும் என்றேன். "டீச்சரம்மா கால எடுத்துடுவாங்க போல இருக்கே" என்று உரக்கடை அண்ணன் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் கால் என்றதும் பயந்துவிட்டார்கள், லேத் பேச்சு அத்தோடு நின்றது. அந்தக் கமிட்டியில் நான் ஜெயித்த ஒரே தீர்மானம் அது.

கிளட்ச்சுகளுக்கு ஸ்டேஜ் ஒன்று, ஸ்டேஜ் இரண்டு, ஸ்டேஜ் மூன்று என்று பெயர். ஸ்டேஜ் ஏற ஏறப் பிடிமானம் ஜாஸ்தி. ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் போனில் தன் மாமாவிடம், அதாவது உரக்கடை அண்ணனிடம், "தேர்டு ஸ்டேஜ்தான் மாமா. இனிமே யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியாருக்கு அது காதில் விழுந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"யாருக்கும்மா தேர்டு ஸ்டேஜ்?" என்று என்னிடம் கேட்டார். கேன்சர் என்றே முடிவு கட்டிவிட்டார்.

"காருக்கு அத்தை."

அவர் நம்பவில்லை. நல்ல மருமகள், வயசானவளிடம் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மகளுக்கா, மருமகனுக்கா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் சேர்த்து மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் தொடங்கிவிட்டார். நவநாள் முடிந்ததும் புவனகிரிக்குப் போய் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். உரக்கடை அண்ணன் தனக்குத் தெரியாமல் தனக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோய் ரத்தப் பரிசோதனைக்கு ஓடினார். இந்தக் குடும்பத்தில்தான் கிளட்ச் பற்றிய என் கருத்துக்கு மதிப்பில்லை.

மாதங்கள் போய்க்கொண்டே இருந்தன. கார் கொட்டகையில் உறை போட்டு நின்றது. நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். கடலூர் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். புதுச்சத்திரம் வரைக்கும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்கிற ஆளின் முழங்கையை முறைத்துக்கொண்டே. ஆலப்பாக்கத்தில் யாராவது இறங்கினால் உட்காரலாம். சாயங்காலம் திரும்பி வந்தால் கூடத்தில் கமிட்டி உட்கார்ந்திருக்கும். "சிஸ்டர், கெவ்லார் பிளேட் பத்தி என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்ல வேண்டிவரும்.

கடைசியில் ஒரு வழியாக ஆர்டர் கொடுத்து, பார்சல் வந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய ஷெட்டில் மாட்டினார்கள். கண்ணாடி அறை, சுவர் முழுக்க ரேஸ் கார் படங்கள், யார் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்று சொல்கிற ஒரு மெக்கானிக். என் வீட்டுக்காரர் மட்டும்தான் கூடப் போனார். எனக்கு அன்றைக்குப் பரீட்சை மேற்பார்வை.

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரிக்க ஏற்பாடு செய்தார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். நியாயமாக அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமியார் முந்தானையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து டயருக்கு ஒன்றாக வைத்துவிட்டார். "எதுக்கும் இருக்கட்டும் ஃபாதர்" என்றார். ஃபாதர் எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். என் வீட்டுக்காரர் கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தார், மறுபடியும் குலுக்கி அணைந்தது. மூன்றாவது தடவை இன்ஜினை அலறவிட்டுப் பாய்ந்ததில் முன்சக்கரத்துப் பழம் ஒன்று நசுங்காமல் பிதுங்கி வெளியே தெறித்து, ஃபாதரின் அங்கியில் பட்டு உருண்டது. "ரேஸ் வண்டின்னா அப்படித்தான் ஃபாதர்" என்றார் உரக்கடை அண்ணன். கார் ஓட்டத் தெரியாதவர் சொல்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டிப் பார்த்தேன். கேம்பஸ் ரோடு காலியாக இருந்தது. கிளட்ச் பெடலை மிதித்தேன், இறங்கவில்லை. சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, முதுகை அழுத்திக்கொண்டு, முழுக் காலையும் ஊன்றி மிதித்தபோது இறங்கியது. பிடித்து வைத்திருக்க முடியவில்லை, தொடை வெடவெடத்தது. மெதுவாக விடலாம் என்றால் மெதுவாக விடவே முடியாத கிளட்ச் அது. பிடித்தால் மொத்தமாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் பிடிக்காது. லைட் பிளைவீலில் தாங்கிக்கொள்ள வேகமும் இல்லை. வண்டி தவளை மாதிரி ஒரு எட்டு தாவிவிட்டு அணைந்தது. ரோட்டோரத்து முதல் மரத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை.

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. அன்பாகவே பேசினார். "விடு. ஒன்னால முடியலன்னா என்ன, ஒடம்பக் கெடுத்துக்காத. பஸ்ஸே ஒனக்கு சவுகரியம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார்.

எவ்வளவு மக்கு இந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டு காலைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் படித்து, ஒரு கமிட்டி வைத்து, மனைவி மிதிக்க முடியாத ஒரு கிளட்ச்சைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஸ்டாஃப் ரூமிலும் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் அதற்குப் பிறகு வந்த பஸ் நாட்களை ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை அவர் யாரோ ஒருவரின் கல்யாணத்துக்கென்று லால்பேட்டை நண்பரின் பைக்கில் புவனகிரி போயிருந்தார். எனக்குப் பள்ளி விடுமுறை. சாவி ஆணியில் தொங்கியது. கழற்றி எடுத்துக்கொண்டேன். மஞ்சக்குப்பம் ஷெட்டுக்கு நேராகப் போய், இந்தக் கண்றாவியைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரணக் கிளட்ச்சை மாட்டிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தேன். கைச்செலவுக்கு அப்பா கொடுத்து வைத்திருந்த பணம் இருந்தது.

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் ஏறி டாப் கியருக்கு வந்துவிட்டால் கிளட்ச் தொந்தரவு இல்லை, வண்டி பறந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு போன ரோட்டை முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தேன். ஊருக்குள் நுழைந்ததும் நரகம். லாரன்ஸ் ரோட்டில் அணைந்தது. கெடிலம் பாலத்து ஏற்றத்தில் அணைந்தது, பின்னால் ஒரு டவுன் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து, "ஏம்மா, ஓட்டத் தெரியாம எதுக்குமா ரேஸ் வண்டிய எடுத்துக்கிட்டு வர்றீங்க?" என்றான். ஷெட்டுக்குள் நிறுத்திவிட்டு இறங்கியபோது இடது கால் நிற்கவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்க மேடம். எப்படி இருக்கு வண்டி, சீறுதா?"

"அணையுது. இதக் கழட்டிட்டு மிதிக்கறதுக்கு லேசா ஒண்ணு போடுங்க."

"லேசாவா? நான் அன்னிக்கே சார்கிட்ட சொன்னனே மேடம்" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். "இதத்தான் போடுங்கன்னேன். இருக்கிற பவருக்கு இது தாராளம். பெடலும் கம்பெனி பெடல் மாதிரியே இருக்கும். பிளைவீலும் பழசே போதும்னேன். சார் கேக்கல."

"ஏன் கேக்கலியாம்?"

அது சொல்லக் கூடாத விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "வீட்ல லேடீஸ் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க, அவுங்களால அமுக்க முடியாத மாதிரி ஒண்ணு குடுங்கன்னாரு. அதெல்லாம் சகஜம் மேடம், நெறைய பேரு கேப்பாங்க. சில பேரு பையன் எடுக்கக் கூடாதும்பாங்க, சில பேரு லேடீஸ் எடுக்கக் கூடாதும்பாங்க. சார் கொஞ்சம் விவரம். மாட்டுன பெறகு மிதிச்சுப் பாத்துட்டு, 'இது போதுமா, இன்னும் டைட் பண்ண முடியுமா'ன்னு கேட்டாரு. இதுவே அவுங்களால முடியாது சார்னு நாந்தான் சொன்னேன்."

நான் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெயிட்டு, ஸ்டேஜ், கெவ்லார், பிக்கப்பு என்று அத்தனை மாதம் பேசினார்களே, அவ்வளவையும் என் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு பிளைவீல் பற்றித் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை, உண்மைதான். என் இடது காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அந்தக் காலுக்குத்தான் தைலம் தேய்த்துவிட்டார். ஒரு மக்கோடு குடும்பம் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவரைக்கும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது போனது அந்த நாற்காலியில்தான்.

"கழட்டுங்க" என்றேன்.

"சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"வண்டி என் பேர்ல இருக்கு."

"இருக்கட்டும் மேடம். இருந்தாலும் சார் என்ன சொல்லுவாரோ."

"சாருக்குப் போன் பண்ணுங்க. பண்ணிட்டுக் கழட்டுங்க. இல்லன்னா நடு ஷெட்டுல வண்டியப் போட்டுட்டுச் சாவியோட போயிடுவேன். வேற எந்த வண்டியும் உள்ள வர முடியாது."

போன் பண்ணினார். பிறகு முனகிக்கொண்டே கழற்ற ஆரம்பித்தார். கியர் பாக்ஸைக் கீழே இறக்கி, புதுசாக மாட்டியதை எடுத்து, ஓரமாகப் போட்டு வைத்திருந்த எங்கள் பழைய பிளைவீலைத் துடைத்துத் தேய்த்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கல்யாண வேட்டி கசங்கி, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"பஸ்ல உக்கார எடமே இல்ல" என்றார். முதல் வார்த்தையே அதுதான். அவரை நான் அடிக்காமல் விட்டது ஆண்டவர் புண்ணியம்.

மெக்கானிக் டீ குடிக்கப் போகிறேன் என்று நழுவினார். நாங்கள் இரண்டு பேரும் பிரித்துப் போட்ட காருக்குப் பக்கத்தில் நின்றோம்.

"நீ ஓட்டக் கூடாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். அவரை 'நீ' என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டாரோ என்னவோ, திடுக்கிட்டுப் பார்த்தார்.

"சொன்னா நீ கேப்பியா?"

"எதுக்கு ஓட்டக் கூடாது? அதச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த அந்தக் கனமான கிளட்ச்சைக் காலால் லேசாகத் தள்ளினார். "பஸ்ல போனா, பஸ்ஸுல வந்துடுவ. கார்ல போனா... ஒங்க அப்பா வீடு ஸ்கூலுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு. ஒரு நாளு போயிட்டு வராம இருந்துட்டா நான் என்னா பண்ணுவேன்?"

"நான் ஏன் வராம இருக்கப் போறேன்?"

"எங்க மாமா பேசுனா நீ மூஞ்சத் திருப்பிக்கிற. நான் பேசுனா உள்ளுக்குள்ள சிரிக்கிற. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? எங்கள நீ மதிக்கல. மதிக்காதவ எத்தினி நாளு இருப்ப?"

எனக்கு அவர் மேல் ஆத்திரம்தான் இருந்தது. ஒரு வருடம் என்னைப் பஸ்ஸில் நிற்க வைத்தவர், காலுக்குத் தைலம் தேய்த்தவர், இப்போது என் எதிரில் நின்றுகொண்டு பயமாக இருந்தது என்கிறார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது வண்டி தயாரானது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு, சுற்றி வந்து இடது பக்கம் ஏறினார். கிளட்ச் தொட்டதும் இறங்கியது, விட்டதும் வண்டி அலுங்காமல் நகர்ந்தது. அப்பா வீட்டுத் தெரு வந்தபோது அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, இண்டிகேட்டர் பக்கம் இருந்த என் கையைப் பார்த்தார். நான் திரும்பவில்லை, நேராக ஓட்டினேன். கெடிலம் பாலத்தை ஒரு தடங்கலும் இல்லாமல் தாண்டினோம்.

போய்விட்டு வராமலே இருந்துவிடலாம் என்ற யோசனை, அவர் வாயால் சொல்லும்வரை எனக்கு வந்ததே இல்லை. ஆலப்பாக்கம் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.